மான் குடிக்கக்கூடிய தண்ணீர்

வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டுதான் தொடங்குகிறேன். தீர்ப்பு எனக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்திலும், அதை முடித்தபின் ஊர் மன்றத்திலும் விவாத அணிக்குத் தலைவனாக இருந்த காலத்தில் நான் பெற்ற தீர்ப்புகள் எல்லாம் கேடயங்களாகி, எங்கள் வீட்டு அலுமாரியில் இரண்டு தட்டுகளை நிறைத்துக்கொண்டு நிற்கின்றன. கிழமைக்கொரு தடவை அவற்றை நான்தான் துடைக்கிறேன். ஒன்றை மட்டும் துடைப்பதில்லை. அதன் காரணத்தைக் கேட்க ஒருவர் வேண்டும். நான் அதைத் திரித்துச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் ஒருவர் வேண்டும். மேடையில் பழகிய வாய்க்கு அந்தக் காவல் அவசியம்.

நான் சொல்லப்போகும் மனிதர், திருகோணமலையில், கடலில் போய் முடியும் எங்கள் ஒழுங்கையில், எங்களுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், “என்ர பேர் எதுக்குத் தம்பி? போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு எழுதுங்கோ, நாலு பேருக்கு உதவும்” என்றுதான் சொல்வார்.

அவருக்கு மணக்காது.

அவரைப் பற்றி முதலில் அறியவேண்டியது இதுதான். எவரைச் சந்தித்தாலும் அவர் முதலில் சொல்வதும் இதைத்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் எண்ணெய்த் தாங்கிகளுக்குள் இறங்கி, கடுமையான மருந்துத் தண்ணீரால் அவற்றின் சுவர்களைத் தேய்த்துக் கழுவும் வேலையில் பல வருடம் இருந்தார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து மீன் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தபோது ஒன்றும் மணக்கவில்லையாம். சட்டி வெறுமையாக இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தாராம். அடுத்த நாளும் மணக்கவில்லை. பிறகு எந்த நாளும் மணக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்பவர்கள் உடனே வேலை கொடுத்தவர்களைத் திட்டத் தொடங்குவார்கள். அவர் கையை உயர்த்தி மறிப்பார்.

“முகமூடி தந்தவை. பிழை சொல்லக்கூடாது. உள்ளுக்க வெக்கை தாங்க ஏலாமல் நான்தான் கழட்டிப்போட்டு நிண்டனான்.”

தன் குறையையும் தன் பிழையையும் ஒரே மூச்சில், தெருவில் நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதைப்போல, அவரால் சொல்லிவிட முடிந்தது. சொல்லும்போது குரல் தாழாது, முகம் கோணாது. நான் அப்போது பத்தொன்பது வயதுக்காரன். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவன். எதிரணியின் கேள்விக்குப் பதில் தெரியாத வேளையிலும் தெரிந்தவன்போல் நிற்பது எப்படி என்பதில் எனக்குப் பல வருடப் பயிற்சி இருந்தது. அவருடைய அந்தச் சுபாவம் எனக்கு வியப்பாக இருந்ததைவிட வெட்கமாக இருந்ததுதான் அதிகம்.

அவருடைய மனைவி முன்பள்ளி ரீச்சர். நாங்கள் அக்கா என்போம். மெலிந்த உடல், பெரிய சிரிப்பு, கைப்பைக்குள் எப்போதும் மூச்சுப் பம்ப். சிறு வயது முதல் தொய்வு, ஆஸ்துமா. பினாயில் தெளித்த வாசலைத் தாண்டினாலே நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். துறைமுக வேலையை விட்டபின் அவர் காலையில் ஒரு விடுதியின் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போவார்; பத்து மணிக்குத் திரும்பி வந்தால் பிறகு முழு வீடும் அவர் பொறுப்பு. கூட்டுவது, துடைப்பது, சட்டி தேய்ப்பது, குளியலறை கழுவுவது எல்லாம் அவர்தான். எந்தப் பொருளைக் கொண்டு கழுவுவது என்பதுதான் அந்த வீட்டின் பெரிய கேள்வி. அவருக்கு மணக்காது, அக்காவுக்கு மணக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூக்கு தேவைப்பட்டது. அது அடுத்த வீட்டில் மேடைப் பேச்சுப் பழகிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து அவர் கூப்பிடுவார்: “தம்பி, மூக்கு வீட்டில நிக்குதோ?”

“நிக்குது, நிக்குது. இப்பதான் சோறு தின்னுது. முடிய அனுப்பிறன்” என்று குசினியிலிருந்து அம்மா பதில் சொல்வாள்.

நான் போனதும் போத்தலின் மூடியைத் திறந்து, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிப்பார். கிட்டப் பிடிக்கமாட்டார், என் மூக்கும் பழுதாகிவிடக் கூடாது என்ற கவலை. நான் கண்களை மூடி, தொண்டையைச் செருமி, முதல் நாள் இப்படித் தொடங்கினேன்: “மாரியின் முதல் மழை மண்ணைத் தொட்ட கணத்தில், தோட்டத்து மூலையில் மலர்ந்திருக்கும் ஒரு…”

“தம்பி, மேடை வேண்டாம்” என்றார். “தொண்டையில பிடிக்குதோ, கண்ணில நிக்குதோ, இல்லாட்டி மூக்கோட போகுதோ? அதைச் சொல்லுங்கோ.”

மணங்களை அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். தொண்டையில் பிடிப்பது வாசல் படலைக்குள்ளேயே வரக்கூடாது. கண்ணில் நிற்பது திரும்பக் கடைக்குப் போகும். மூக்கோடு போவது மட்டும் வீட்டுக்குள் வரலாம். தொண்டையும் கண்ணும் எரிந்தால் உங்களுக்கே தெரியாதா என்று ஒரு முறை கேட்டேன். “தெரியவேணும்தான். தாங்கி எல்லாத்தையும் பழக்கிப்போட்டுது. எரிஞ்சாலும் எனக்கு அது சும்மா காத்து மாதிரித்தான் கிடக்கும்” என்றார்.

மூக்கோடு போவதாக நான் தீர்ப்புச் சொன்னாலும் அந்தப் போத்தலின் சோதனை முடிந்துவிடாது. மான் என்றொரு சோதனை மிச்சம் இருந்தது.

எங்கள் ஒழுங்கைக்கு மான்கள் வரும். கோட்டைப் பக்கத்திலிருந்து கடற்கரையோடு இறங்கி வந்து, வாசல்களில் நின்று வாழைப்பழத்தோல் தின்னும். சில வேளை எங்கள் அணியின் பேச்சுக் குறிப்புகளையும் தின்றிருக்கின்றன. ஒரு நாள் மூலை வீட்டு அன்ரி, குளியலறை கழுவுவதற்கு நீல நிற மருந்து கரைத்த வாளியை வாசலில் வைத்துவிட்டு, தும்புத்தடி எடுக்க உள்ளே போனா. ஒரு பெண்மான் வந்து வாளிக்குள் முகத்தை இறக்கியது. இதைத் தன் வாசலிலிருந்து கண்ட அவர், சாரத்தை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல், “ஏய், ஏய், குடியாதை!” என்று கத்திக்கொண்டு ஓடினார். சாரம் தடக்கியது. மானுக்கும் அவருக்கும் நடுவில் வாளி கவிழ்ந்தது. மான் ஒரு துள்ளலில் மறைந்தது. அவர் நீல நிறத்தில் எழுந்தார்.

ஒழுங்கை முகப்பில் நின்ற ஓட்டோக்காரப் பெடியன் சிரிப்பை அடக்க முடியாமல், “அண்ணை, மானோட என்ன கதை? தண்ணி குடிக்கவும் உங்களிட்டக் கேக்கவேணுமோ?” என்றான்.

“அதுக்குக் கேக்கத் தெரியாதெல்லே” என்றார் அவர், நனைந்த சாரத்தைப் பிழிந்தபடி. “எங்களுக்குத் தெரியும். கேக்காமல் விட்டால் எங்கட பிழை.”

அன்றிலிருந்து அவருடைய வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது: இதைக் கரைத்த தண்ணீரை மான் குடித்தால் என்ன ஆகும்? எங்கள் ஒழுங்கையின் கான், இருபது வீடுகளின் கழுவு நீரையும் வாங்கிக்கொண்டு நேரே கடலுக்குப் போகிறது. அது விழும் இடத்தில் எந்த நேரமும் சின்ன மீன்கள் கூடி நிற்கும். மானுக்குச் சொன்னது அவற்றுக்கும் சேர்த்துத்தான். பகட்டான சொல் எதுவும் அவரிடம் இல்லை. சூழல் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

சந்தைப் பக்கத்தில் கிண்ணியாக்காரர் ஒருவருடைய கடை இருந்தது. நாங்கள் அவரை நானா என்போம். அந்தக் கடையில் எங்கள் அயலவர் பொருள் வாங்கும் காட்சி ஒரு நாடகம். பத்துப் பேர் நிற்கும் நேரத்திலும் கூச்சமின்றிச் சொல்வார்: “நானா, எனக்கு மணக்காது. நீங்கள் திறந்து மணந்து சொல்லுங்கோ.”

“அண்ணன், சாமான் விக்கிறவன்ட மூக்கை நம்பலாமா?”

“நம்பலாம். நாளைக்கும் நான் இஞ்சதானே வருவன்.”

“அப்ப நான் உண்மையைச் சொல்லத்தான் வேணும்” என்று நானா மூடியைத் திறந்து, முகத்தைச் சுளித்து, “இது வேணாம் அண்ணன், இது ரீச்சருக்கு ஒத்துவராது” என்று தன் பொருளைத் தானே தட்டில் திருப்பி வைப்பார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிலர் தாங்கள் எடுத்த போத்தலையும் மெதுவாகத் திருப்பி வைப்பார்கள்.

பச்சை இலைப் படம் போட்ட போத்தல்களில் அவருக்குத் தனிச் சந்தேகம். “இலை கீறினவர் நல்லாத்தான் கீறியிருக்கிறார். உள்ளுக்க இருக்கிறதை எழுதினவர் எங்க?” என்று போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிறிய எழுத்தில் இருப்பதை நான் வாசிக்கவேண்டும். எழுத்தே இல்லையென்றால் இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது தட்டிலேயே நிற்கும். ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது கேட்டேன்: “ஏன் அண்ணை, மணக்காதெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறீங்கள்? சனம் சிரிக்குது.”

அவர் நடையை நிறுத்தி, என் கேள்வி விளங்காதவரைப்போல என்னைப் பார்த்தார்.

“சொல்லாட்டி நான் எப்பிடித் தம்பி தெரிஞ்சுகொள்ளுறது?”

இத்தனை சோதனைக்கும் தப்பி அந்த வீட்டுக் குசினிக்குள் நுழைந்தவை கொஞ்சம்தான். வினாகிரி என்ற புளிக்காடிக்குள் ஊறிய, எலுமிச்சை என்றும் சொல்லும் தேசிக்காயின் தோல், அப்பச்சோடா, சீவி வைத்த கட்டிச் சவர்க்காரம், சட்டி தேய்க்கத் தென்னந்தும்பு. நானாவின் கடையில் வெறும் போத்தலைக் கொண்டுபோனால் நிரப்பித் தருகிற, மணமே இல்லாத கழுவுதிரவம் ஒன்று. போத்தல்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் தண்ணீர் நிறம். மணந்து வேறுபடுத்த அவரால் முடியாது. அதனால் அக்கா தன் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கீறுவதைப்போலப் படங்கள் கீறி ஒட்டியிருந்தா. சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு குளிக்கும் யானை. வினாகிரிக்கு, புளிப்பில் முகம் சுளித்த ஒரு மனிதர். அவருக்கு மீசையும் மடித்துக் கட்டிய சாரமும் இருந்தன. “இது ஆரெண்டு தெரியுதோ?” என்று அக்கா என்னிடம் கேட்டபோது, “எனக்கு மீசை இவ்வளவு பெரிசில்லை” என்று அவர் முறைப்பாடு செய்தார். பின்னேரங்களில் அக்கா பள்ளியால் வரும் நேரத்துக்குச் சற்று முன் அவர் எல்லா யன்னல்களையும் திறந்து, வாசற்படியில் வந்து நிற்பார். அக்கா படலையில் நின்று வீட்டைப் பார்த்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, சிரித்துவிட்டு உள்ளே வருவா. ஒரு நாளைக்கு அவருக்குக் கிடைக்கும் ஒரே தீர்ப்பு அந்த மூச்சுத்தான். அதைவிடப் பெரிய கேடயம் எதையும் நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

இனி அந்த நாளுக்கு வரவேண்டும். சாட்சி என்று உங்களை அழைத்தது இதற்காகத்தான்.

மார்கழி மாதம். பாடசாலை விடுமுறைக்கு அக்கா ஈச்சிலம்பற்றில் இருந்த தாய்வீட்டுக்குப் போய், இரண்டு கிழமை தங்கியிருந்து அன்று பின்னேரம் திரும்பி வரவிருந்தா. மழை விடாமல் பெய்த மாரி. படுக்கையறைச் சுவரின் அடியிலும் நிலத்திலும் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்துவிட்டது. பூஞ்சணம் அக்காவின் மூச்சுக்கு எதிரி. மூன்று நாட்களாக வினாகிரியைப் பூசிப் பூசித் தேய்த்தும், காயாத சுவரில் அது திரும்பத் திரும்ப வந்தது. அன்று காலை, ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று எந்த ஊரிலிருந்தோ எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. “தேசிக்காயும் மூலிகையும் சேர்த்தது, பூஞ்சணம் ஒரே கழுவலில் போகும்” என்றது ஒலிபெருக்கி. அவர் ஒரு போத்தல் வாங்கினார். அவர் விதியின்படி வாங்கியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்த தாளில் சிறிய எழுத்து மழையில் கரைந்துபோயிருந்தது. இலையும் தேசிக்காயும் மட்டும் கரையாமல் இருந்தன.

“எழுத்தும் இல்லை. இனி உங்கட மூக்குத்தான்” என்று அந்தப் போத்தலோடு படலையில் என்னை மறித்தார்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. மூன்று மணிக்கு நகர மண்டபத்தில் இறுதிப் போட்டி. நான் வெள்ளைச் சேட்டு, நீளக் காற்சட்டை, கையில் குறிப்புகள். எனக்கு மூன்று நாட்களாகத் தடிமன், மூக்கடைப்பு. குரலைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகக் கழுத்திலும் நெஞ்சிலும் மூக்கின் கீழும் தைலத்தை அள்ளிப் பூசியிருந்தேன். அந்த நேரத்தில் என் மூக்கின் முன்னால் வீடே எரிந்திருந்தாலும் எனக்குத் தைலம்தான் மணந்திருக்கும். வாசலில் என் அணித் தோழன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு, “என்னடா, போத்தல் மணக்கிற உத்தியோகமும் பாக்கிறியோ?” என்றான்.

அவர் மூடியைத் திறந்து, வழக்கம்போல ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். நான் மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. மீண்டும் இழுத்தேன். ஒன்றும் இல்லை.

போத்தலில் இருந்த தேசிக்காய்ப் படத்தைப் பார்த்தேன்.

“தேசிப்பூ மணம், அண்ணை. மெல்லிசு.”

“தொண்டையில?”

“பிடிக்கேல்லை. மூக்கோட போகுது.”

அவர் என் முகத்தைச் சற்றுக் கூடுதலாகப் பார்த்தார். “குரல் ஒரு மாதிரி இருக்கு. தடிமன் ஒண்டும் இல்லையே?”

“பேசிப் பேசி அடைச்ச குரல் அண்ணை. மூக்கு சரி.”

இதை நான் சொன்னேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. “எனக்கு மணக்கேல்லை” என்று சொல்ல எனக்கு வேண்டியிருந்தது இரண்டே சொல்; அதை அந்த மனிதர் ஒவ்வொரு நாளும், சந்தையின் நடுவில் நின்று, சிரிப்பவர்களின் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ ஒரு தோழனின் முன்னால் ஒரு தடவை சொல்ல முடியவில்லை.

“அப்ப சரி” என்று அவர் மூடியைப் பூட்டினார். “போய் வெண்டுகொண்டு வாங்கோ.”

வென்றேன். அன்றைய பொருள், இயற்கையைக் காப்பது நாட்டின் சட்டமா, வீட்டின் பழக்கமா என்பது. நான் வீட்டின் பக்கம். நிறைவுரையில், பெயர் சொல்லாமல், என் அயலவர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். தன் வீட்டில் கழுவிய தண்ணீரை மான் குடித்தாலும் தீங்கு வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொருள் தெரிவுசெய்யும் ஒரு மனிதர் இந்த நகரத்தில் இருக்கிறார் என்றேன். நீல நிறத்தில் எழுந்த கதையைச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. “அதுக்குக் கேக்கத் தெரியாதெல்லே” என்ற அவருடைய வாக்கியத்தைச் சொன்னபோது மண்டபம் அமைதியானது. முடித்தபோது கைதட்டல் கூரையில் மோதியது. சிறந்த பேச்சாளருக்கான கேடயம் எனக்கு. நான் துடைக்காமல் விட்டிருப்பது அதைத்தான்.

ஆறு மணிக்குத் திரும்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர்களுடைய படலையில் ஓட்டோ நின்றது. அக்காவை அவரும் எங்கள் அம்மாவும் இரு பக்கமும் தாங்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கின. உதடுகள் மங்கிய நீலம். பேச வாயைத் திறந்தா. விசில் மட்டும் வந்தது. அவர் ஒரு கையால் பம்பை அக்காவின் வாயில் பிடித்து, “இழு, இழம்மா, இன்னொருக்கா இழு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டோ போனபின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி என்னிடம் திரும்பினாள்.

“என்ன நெடியடா அது! மழையெண்டு யன்னல் எல்லாம் பூட்டி, அறை முழுக்கக் கழுவி வச்சிருக்கிறார். உள்ளுக்க போக ஏலாது, கண் எரியுது. உனக்கு மணக்கேல்லையோ?”

நான் கையைப் பின்னால் மறைத்தேன். கையில் கேடயம் இருந்தது.

அக்கா பிழைத்தா. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் நான் சுடுதண்ணீர்ப் போத்தலோடு போனபோது, வார்ட்டுக்கு வெளியே அக்காவின் மூத்த தமையன் அவரை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“மணக்காத மூக்கை வச்சுக்கொண்டு நீர் என்ன வீடு கழுவுறது? என்ர தங்கச்சியைக் கொல்லப் பாத்தீரோ?”

“என்ர பிழைதான் மச்சான்.”

“அந்தச் சாமானை ஆர் பாத்தது? கேட்டு வாங்கினனீரோ?”

“தம்பி மணந்து பாத்துத்தான் சொன்னவர். அவர் சரியாத்தான் சொல்லுவார், அவர் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. நான்தான் ரெண்டு மூடிக்குப் பதிலாக் கூட ஊத்திப்போட்டன் போல. எண்ணினனான்தான். ஆனாலும் பிழைச்சிருக்கும்.”

நான் மூன்று அடி தூரத்தில் நின்றேன். எந்தப் பொருளைத் தந்தாலும் எந்தப் பக்கமும் மூன்று நிமிடம் தடையின்றிப் பேசுவேன் என்று நடுவர்கள் மெச்சிய வாய் என்னுடையது. தமையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுடுதண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவ்வளவுதான்.

அதன்பிறகு வேலிக்கு அப்பால் நான் கண்டதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் வெறும் தண்ணீரால் மட்டும் நிலம் துடைத்தார். சில வேளைகளில் பின்வாசலில் குந்தியிருந்து, வெறும் தண்ணீரைப் போத்தல் மூடியில் நிரப்பி வாளிக்குள் ஊற்றுவார், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார், வாளியைக் கவிழ்ப்பார், மறுபடி நிரப்புவார். எங்கே பிழைத்தது என்று தன் கையைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். பிழைத்த இடம் வேலிக்கு இப்பால், பார்த்துக்கொண்டு நின்றது. அந்த நாட்களில் எந்தப் போத்தலையும் அவர் என்னிடம் கொண்டுவரவில்லை. மூக்கு வீட்டில் நிற்கிறதோ என்று எவரும் கேட்கவில்லை. என்மேல் அவநம்பிக்கையில் அல்ல. தன்மேல் நம்பிக்கை போனதால்.

தமையன்மார் முடிவெடுத்தார்கள். அக்காவை இனி அந்த வீட்டில் விட்டுவைக்க முடியாது. ஈச்சிலம்பற்றில் தாய்வீட்டில் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கேயும் ஒரு முன்பள்ளி இருக்கிறது. அவர் விரும்பினால் கூட வரலாம். விரும்பினால் என்ற சொல்லை என் காதால் கேட்டேன். அவர் விடுதித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, சாமான் கட்டத் தொடங்கினார்.

ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது வேலைக்குப் போகிறேன். எங்கள் வீட்டுக்குக் கழுவும் பொருள் வாங்குவது என் பொறுப்பு. கடையில் போத்தலை எடுத்ததும் திருப்பிச் சிறிய எழுத்தைத் தேடுகிறேன். மூடியைத் திறந்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து மணக்கிறேன். தொண்டையில் பிடிக்கிறதா, கண்ணில் நிற்கிறதா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். விடை தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த விடையைக் கேட்டுக்கொள்ள ஒருவரும் பக்கத்தில் இல்லை. ஒரு மணத்தை, அலங்காரம் இல்லாமல், உள்ளது உள்ளபடி ஒரு மனிதருக்குச் சொல்லி, அவர் அதை நம்பி மூடியைப் பூட்டுவதைப் பார்ப்பதில் இருந்த நிறைவை நான் எந்தக் கைதட்டலிலும் கண்டதில்லை. மழை பெய்து ஓய்ந்த பின்னேரங்களில், குசினி யன்னலால் தேசித்தோல் மணம் வரும்போது, வேலிப்பக்கம் திரும்பிவிடுகிறேன். அங்கே இப்போது வேறு குடும்பம். நல்ல மனிதர்கள், எல்லோருக்கும் மணக்கும். ஈச்சிலம்பற்று தொலைவில் இல்லை. காலையில் பஸ் எடுத்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். இரண்டு தடவை பஸ் நிலையம்வரை போயிருக்கிறேன்.

அவர்கள் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். தைமாதக் காலை. சின்ன லொறி ஒன்றில் கட்டில், அலுமாரி, இரண்டு கதிரை, படம் ஒட்டிய போத்தல்கள் நிரம்பிய பெட்டி. அக்கா முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் ஏறி இருந்தா. அம்மா யன்னலால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்ல என்னிடம் வந்தார்.

நான் இரவெல்லாம் ஆயத்தம் செய்து வைத்திருந்த உரையில் ஒரு வாக்கியமும் வாயில் வரவில்லை.

“அண்ணை, அண்டைக்கு எனக்கு மணக்கேல்லை.”

“எண்டைக்கு?”

“அந்தப் போத்தல். தடிமன். மூக்கு முழுக்கத் தைலம். ஒண்டும் மணக்கேல்லை. போத்தலில இருந்த படத்தைப் பாத்துச் சொன்னனான்.”

நான் அடியை எதிர்பார்த்தேன், ஏச்சை எதிர்பார்த்தேன். அவர் தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களை ஒரு முறை மடக்கி விரித்தார்.

“அப்ப என்ர அளவு சரி” என்றார் மெதுவாக.

“சரி அண்ணை.”

“ரெண்டு மூடிதான். நான் எண்ணினனான்.”

“ஓம் அண்ணை.”

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு மாதமாக அந்த மனிதர் தன் மனைவியின் மூச்சைத் தன் கையே நிறுத்தப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டு உறங்கியிருக்கிறார், எழுந்திருக்கிறார், தண்ணீரை எண்ணியிருக்கிறார். எடுத்துவிட எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்த பாரம் அது. அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. முன்பக்கம் விரைந்து போய், யன்னலில் சாய்ந்து, “இஞ்சேரும், நான் கூட ஊத்தேல்லையாம்” என்றார். அக்கா அவர் தலையில் கை வைத்தா. பிறகு, தலையைத் திருப்பி, அவரைத் தாண்டி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

அவர் பின்னால் ஏறினார். லொறி கிளம்பியது. ஒழுங்கை முகப்பில் திரும்பி, ஓட்டோக்கள் நிற்கும் இடத்தைக் கடந்து, மறைந்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். நான் நடு ஒழுங்கையில் நின்றேன். கேட்க ஒருவரும் இல்லை. குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், அவர் கடையில் நின்று சொல்வாரே, அந்த அளவில் சொன்னேன்:

“அண்ணை, இனி எனக்கு மணக்காட்டி, மணக்கேல்லை எண்டுதான் சொல்லுவன். ஆர் நிண்டாலும் சொல்லுவன்.”